காண்டாமிருகத்துக்கு அனுமதி இல்லை

“மறுபடியும் காண்டாமிருகமா?”

“மறுபடியும்தான். இந்தத் தடவை ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட்ல. மருந்து விலை கணக்குப் போடுற ப்ரோக்ராம் பக்கத்துல ஜம்முனு உக்காந்திருக்கு.”

மனைவி சிரித்துவிட்டாள். கணவன் சிரிக்கவில்லை.

இருவருமே ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள், வேறு வேறு கம்பெனிகளில். அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஸ்கூல் விட்டு வந்ததும் மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய லேப்டாப்பில் படம் வரைவாள். வரைகிற ஆப், கடைசியாகத் திறந்திருந்த ஃபோல்டரில் படத்தைச் சேமித்துவிடும். அன்றைய வேலையை அவன் மொத்தமாக சர்வருக்கு அனுப்பும்போது படமும் கூடவே கிளம்பிப் போய், டீமில் இருக்கிற எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இறங்கிவிடும்.

“சல்லடை என்ன சொன்னாங்க?”

சல்லடை என்பது டீம் லீடருக்கு அவன் வைத்திருந்த பெயர். யார் எதை அனுப்பினாலும் சலித்துப் பார்க்கிற அம்மாள்.

“இன்னும் ஒரு படம் வந்துச்சுன்னா தினமும் ஆபீஸுக்கு வரணுமாம். ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வரதுக்குள்ள குட்டி தூங்கிடுவா. அப்புறம் எப்பதான் அவ முகத்தப் பாக்கறது?”

“அப்ப லேப்டாப்பக் குடுக்காத.”

“அந்தக் கொஞ்ச நேரம்தான் பக்கத்துல உக்காந்து வாயடிக்கிறா. அதையும் பிடுங்கணுமா? படம் என்னவோ ஒண்ணுதான். அதே காண்டாமிருகத்தத் திரும்பத் திரும்ப வரையறா.”

“சேர்க்கக் கூடாத ஃபைல்னு லிஸ்ட்ல போட வேண்டியதுதான?”

“பேங்க் ப்ராஜெக்ட்ல போட்டேன். உடனே ஆஸ்பத்திரில முளைச்சுது. அந்தம்மாவும் சும்மா இருக்கறதில்ல. யாருமே தொடாத பழைய ஹோட்டல் ப்ராஜெக்ட்ல ஒண்ணு கிடந்துது, அதையும் போய்த் தோண்டி எடுத்துட்டாங்க. வேற வேலையே இல்ல போல!”

மனைவி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ரூம் ரூமா ஏண்டா பூட்டு போடற? வாசக் கதவுல ஒண்ணு போடு. இந்த மிஷினுக்கே பொதுவா ஒரு லிஸ்ட் வச்சுட்டா, எந்த ப்ராஜெக்ட்டா இருந்தாலும் அதுல எழுதினது எதுவும் வெளிய போகாது.”

அந்த ஆப்பில் வரைகிற எல்லாப் படங்களின் பெயருக்கும் பின்னால், புள்ளி வைத்து, ஒரே வால்தான். அந்த வாலைப் பொது லிஸ்டில் எழுதினாள். ஒரே வரி.

“படம் அழிஞ்சிடாதே?”

“நம்ம லேப்டாப்லயே பத்திரமா இருக்கும்.”

“இத்தன வருஷமா இது தெரியாமலா குப்பை கொட்டியிருக்கேன்!”

“அதான் கொட்டினியே, எல்லா ப்ராஜெக்ட்லயும்.”

அந்த வாரம் முழுவதும் மகள் ஆசை தீர வரைந்தாள். ஒரு படம்கூட வாசல் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது. சல்லடை.

“என்ன, ஒரு வாரமா எங்கயுமே படத்தக் காணோம்?”

“இனிமே வரவே வராது மேடம். மிஷினுக்கே பூட்டு போட்டாச்சு.”

“நல்லது. வீட்லேர்ந்தே வேலையப் பாருங்க.”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் எதிர்முனையில் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“பாப்பா வரையறத நிறுத்திடலையே?”

“இல்ல மேடம், தினமும் வரையறா.”

“அப்பாடா! ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டாத் தேடி, எல்லாப் படத்தையும் வரிசையா அடுக்கி வச்சிருக்கேன். ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு, காண்டாமிருகம் உள்ள மாட்டிக்கிச்சு, அதோட கதை நிக்குது. ப்ராஜெக்ட்ல வேண்டாம்... அடுத்த படத்த மட்டும் என் சொந்த மெயிலுக்கு அனுப்ப முடியுமா?”