துணைக்குப் போனவர்

“மறுபடியும் ஆஸ்பத்திரியா, அண்ணி? போன மாசம் கால்வலி, அதுக்கு முன்னால கண்ணு. இன்னிக்கு என்ன?”

கருணாகரன் ஆங்கிலப் பத்திரிகையைச் சத்தத்தோடு மடித்தார். அரசாங்க அலுவலகமொன்றில் எழுத்தர்களுக்குத் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். காஜா பெராங் வட்டாரத்தில் இருந்த அவர் வீட்டு அலமாரியில் தடித்த மருத்துவப் புத்தகம் ஒன்று இருந்தது. தமக்கு வருவது எதுவாயினும் அதைப் புரட்டித் தாமே மருந்து முடிவு செய்வார். ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதித்ததே இல்லை.

“நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, தம்பி,” என்றார் பூங்காவனம்.

அவர், காலஞ்சென்ற அண்ணனின் மனைவி; அதே வீட்டில் இருப்பவர். தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர். கைரேகைதான் வைப்பார்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கமலவேணி எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, பேசாம அங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கிட்டா நடை மிச்சமாகுமே!”

“நல்லாச் சொன்னீங்கம்மா,” என்றார் கருணாகரன். “படிக்காதவங்கதான் தும்மினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. படிச்சவனுக்குத் தன் உடம்பு தனக்குத் தெரியும்.”

“உங்க அண்ணனும் இதையேதான் சொன்னார்,” என்றார் பூங்காவனம்.

கருணாகரன் மடித்த பத்திரிகையை மறுபடி பிரித்தார். ஆசிரியராக இருந்த அண்ணன், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியவர். அண்ணிக்கும் அதே நோயா?

“சரி, போயிட்டு வாங்க. டாக்டர்கிட்ட விவரமாச் சொல்லுங்க.”

“இங்கிலீசுல சொல்ல ஆள் வேணுமே. நீங்க வாங்க.”

“மலாய்ல சொல்லக் கூடாதா? காலையில மீன்காரரை மலாய்லயே அந்தப் பாடு படுத்தினீங்களே!”

“மீன் விலை பேசுற மலாயும் நோவு சொல்ற மலாயும் ஒண்ணா, தம்பி?”

வேறு வழியின்றிக் கருணாகரன் காலணியை மாட்டினார். நாடாவைக் கட்டாமலே கிளம்பினார்.

“திரிஷா வண்டி கூப்பிடட்டுமா?” என்றார் பூங்காவனம்.

“இதோ இருக்கிற பஸ் ஸ்டாப்புக்கா? நோயாளி நீங்களே நடக்கிறீங்க, எனக்கென்ன?”

சாலை நெடுகிலும் சுதந்திரத் தோரணங்கள். மெர்டேக்கா நாளுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வாழ்த்து எழுதிய துணிகள் கம்பத்துக்குக் கம்பம் தொங்கின. கருணாகரன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று நிதானமாகப் படித்தார்.

“‘ஒற்றுமையே பலம்.’ நல்ல வாசகம், அண்ணி. உங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா ரசிப்பீங்க.”

“நீங்க படிங்க, தம்பி. எனக்கு அவசரமில்லே,” என்று பூங்காவனமும் நின்றார்.

இரண்டு பஸ்கள் அவர்களைக் கடந்து போயின. மூன்றாவதில் ஏறினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் இளம் சீன டாக்டர் ஒருவர் பூங்காவனத்தை முக்காலியில் உட்காரச் சொன்னார். கருணாகரன் அருகில் நிமிர்ந்து நின்று, அழகான ஆங்கிலத்தில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“என்ன செய்யுதுன்னு சொல்லுங்க, அண்ணி.”

“கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு முட்டுது.”

கருணாகரன் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார்.

“படுத்தா இருமல் வருது. தலையணையை அடுக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தபடியேதான் தூங்க முடியுது.”

அதையும் மொழிபெயர்த்தார். குரல் சற்றே இறங்கியது. அண்ணனும் கடைசி நாள்களில் அப்படித்தான் தூங்கினார்.

“காலெல்லாம் வீங்கிப் போகுது. வெளியே தெரியாம மறைச்சுக்கிட்டுத் திரியறேன்.”

கருணாகரன் தம் காலணியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அதையும் சொன்னார்.

“இது இருதயக் கோளாறு. உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து,” என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே, பூங்காவனத்தின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். குனிந்து அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“விந்தையாக இருக்கிறதே! இவர் இருதயம் நன்றாக அடிக்கிறது. காலில் வீக்கமும் இல்லை. வேறு ஏதாவது சொல்கிறாரா, கேளுங்கள்.”

கருணாகரன் கேட்டார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், தம்பி. அதையும் சொல்லிடுங்க,” என்றார் பூங்காவனம். “வழியிலே மூச்சு வாங்கினா, தொங்குற துணியைப் படிக்கிற மாதிரி நின்னு நின்னு போறேன்.”

கருணாகரன் ஆங்கிலத்தில் தொடங்கினார். பாதியில் நின்றார்.

“என்ன சொல்கிறார்?” என்றார் டாக்டர்.

கருணாகரன் டாக்டரை விட்டு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

“அண்ணி… உங்களுக்குத்தான் படிக்கவே தெரியாதே?”

“தெரியாதுதான். நீங்க படிக்கலேங்கறது மட்டும் தெரிஞ்சுது.”

தாம் நின்ற கம்பம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்றும் கேளாமல் கூடவே நின்றிருந்த அந்த அம்மையாரை, கருணாகரன் முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

பூங்காவனம் முக்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு டாக்டரிடம் திரும்பி, தங்குதடையற்ற மலாயில் சொன்னார்:

“நோய் எனக்கில்லை, டாக்டர் துவான், இவருக்கு. எத்தனை கெஞ்சினாலும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார். இப்போது எல்லாவற்றையும் தம் வாயாலேயே சொல்லிவிட்டார்.”