முழுக்கைச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மடிப்புக் கலையாமல் அலமாரியில் தொங்கிய நான்கு முழுக்கைச் சட்டைகளை எடுத்து, கிடார்காரன் நன்றாகக் கசக்கினான்.

கை போதாமல் ஒன்றின் மேல் ஏறி உட்காரவும் செய்தான்.

அவனுக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. சாயங்காலம் பாட்டுப் பதிவு. பல்லவி இருக்கிறது, சரணம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி இந்தச் சட்டைகளில்தான் இருந்தது.

அவனும் நண்பர்கள் மூவரும் கல்யாண மேடைகளில் அடுத்தவர் பாட்டை வாசித்தே நரைக்கத் தொடங்கியவர்கள். நமக்கென்று ஒரு பாட்டு வேண்டாமா என்று டிரம்மர்தான் ஆரம்பித்தான். மெட்டுப் போடும் வேலை கிடார்காரன் தலையில் விழுந்தது.

முறையாகத்தான் தொடங்கினான். புதுத் தந்தி மாட்டினான். தரையில் படுத்துப் பார்த்தான். குளியலறையில் உட்கார்ந்து பார்த்தான். எந்த மெட்டைப் பிடித்தாலும் மூன்றாவது வரியில் அது யாரோ எப்போதோ போட்ட பாட்டாக மாறி, அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

அப்படி ஒரு நாளில்தான், அடுத்த அறையில் மனைவி இஸ்திரி போட்டபடி வாய்க்குள்ளேயே ஏதோ பாடினாள்.

அவள் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பாட்டு கற்றவள் இல்லை. அவன் கச்சேரிக்குக்கூட வரமாட்டாள். டிரம்ஸ் சத்தம் காதைக் குடைகிறதாம்.

ஆனால் காலரில் குட்டிக் குட்டியாகத் துள்ளிய மெட்டு, சட்டைக் கையில் இஸ்திரிப் பெட்டி ஓடும்போது கூடவே நீண்டது. மணிக்கட்டில் வந்து சட்டென்று திரும்பியது. கிடாரை மடியில் வைத்தபடி அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அதுதான் பல்லவி. அதைக் கேட்டு டிரம்மர் அவனைத் தூக்கிச் சுற்றினான். எங்கே பிடித்தாய் என்று பாடகன் கேட்டபோது, வீட்டில் வந்தது என்று மட்டும் சொன்னான். பொய் இல்லைதான்.

அவளிடமே கேட்கலாமே என்றால், ஒருமுறை கேட்டான். என்ன பாட்டு அது என்றதும், பாடினேனா என்று விழித்தாள். அடுத்த ஒரு வாரம் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் மட்டும்தான். தன்னையறியாமல் பாடுகிறவளை உலுக்கினால் பாட்டு நின்றுவிடும் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான்.

அன்று முதல் இஸ்திரிக்குத் துணி சேர்ப்பதே அவன் தொழிலாயிற்று. தலையணை உறைக்கு அவள் பாடவில்லை. அரைக்கைச் சட்டைக்கு ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முழுக்கைதான் சரிப்பட்டது. வெயில் கொளுத்திய நாட்களிலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு அலைந்தான்.

சரணம், சட்டையின் முதுகுப் பக்கத்தில் வந்தது. போன வாரம் பெட்டி பாதி முதுகைத் தாண்டும்போது அவளுடைய அக்கா ஃபோனில் கூப்பிட்டாள். அக்கா பேசி முடிப்பதற்குள் பெட்டி ஆறிவிட்டது. பாட்டும்தான்.

இன்று விட்டால் முடிந்தது. நாளைக்குப் பாடகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறான். அப்புறம் பாட்டும் கிடையாது, குழுவும் கிடையாது.

அவள் சட்டைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிளக்கைச் சொருகினாள்.

மடித்து வைத்த துண்டுகளுக்கு நடுவே ஃபோனை ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்தான், பதிவைத் தட்டிவிட்டு. நல்ல பிள்ளையாக அடுத்த அறையில் போய் உட்கார்ந்தான்.

முதல் சட்டை முழுக்க மௌனம்.

இரண்டாவதில் காலருக்கு வந்ததும் பல்லவி துள்ளியது. மூன்றாவதில் முதுகுக்கு வந்தாள். அவனாக இருந்தால் இறங்கியிருக்கும் இடத்தில் அந்தக் குரல் ஏறியது. மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் பல்லவிக்குத் திரும்பி வந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் தந்தியைத் தேய்த்தவனுக்கு வராதது, இவளுக்குக் கை வேலையோடு வருகிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நான்காவது சட்டை. மறுபடி அதே சரணம். இந்த முறை நிதானமாக. அந்த ஏறும் இடத்தை இரண்டு தடவை பாடினாள், யாரோ எழுதிக்கொள்வதற்காகச் சொல்லுகிற மாதிரி.

பிறகு பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"முதுகுப் பக்கம் சரியா பதிவாச்சான்னு பாரு. இல்லேன்னா இன்னொண்ணைக் கசக்கி எடுத்துட்டு வா."

அவன் எழுந்து வந்து கதவருகே நின்றான். ஃபோன் துண்டுகளுக்கு நடுவிலிருந்து மேசைக்கு வந்திருந்தது. அவன் அசடு வழியச் சிரித்தான்.

அவள் குனிந்து கூடையிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்து விரித்தாள். நீல நிறம், முழுக்கை. அவளுடையது.

அதை அவன் கசக்கவில்லை.

காலரிலிருந்து தொடங்கி, இந்த முறை வாயைத் திறந்தே பாடினாள். முடித்ததும் சட்டையைக் கொண்டுபோய், வாசலருகே அவனுடைய கிடார் பையின் பக்கத்தில் மாட்டினாள்.

"கிளம்பும்போது என் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்க. அந்த டிரம்ஸ் சத்தம் எனக்கு ஆகாது."