ஒட்டடைக் கம்பின் நுனியில்

வைஃபை கருவியை ஆபீஸ் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்று வார்டன் பிரேமலதா ஒற்றைக்காலில் நின்றாள். "டப்பாவுலயே நூறு அடி எட்டும்னு போட்டிருக்கே தம்பி?" "அது சுவரே இல்லாத நூறு அடி மேடம்," என்றான் மாட்ட வந்த ரியாஸ். குறிப்புத்தாளைப் பிடுங்கி அவளே படித்தாள். இரண்டு அலைகளாம். ஒன்று மெதுவாகப் போகும், ஆனால் தூரம் போகும். இன்னொன்று பறக்கும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். வீடியோவுக்குப் பறப்பதுதான் வேண்டும். அது காது கேளாத பெண்களின் விடுதி. வீட்டோடு சைகையில் பேசக் கைகள் தெரிய வேண்டும். இதுவரை மொட்டைமாடியில்தான் சிக்னல், மழை வந்தால் பேச்சும் நின்றுவிடும். "துளையப் போட்டுட்டு முழிக்கக் கூடாது, இரு!" என்று பிரேமலதா ஒட்டடைக் கம்போடு ஓடி வந்தாள். கருவியை அதன் நுனியில் கட்டி, கேபிள் வாலாய் இழுபட, ரியாஸ் பெண்கள் படுக்கும் கூடத்தில் கூரையை ஒட்டித் தூக்கிக்கொண்டு நடந்தான். செல்போனில் படம் தெளிவாக வந்த பெண்கள் கை தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. படுக்கைக்குப் படுக்கை கைகள் எழுந்தன, அவன் கடந்ததும் தாழ்ந்தன. கூடத்தின் நடுவில், மின்விசிறியருகே, ஒன்றுவிடாமல் எல்லாக் கைகளும் எழுந்தன. பிரேமலதா கூரையைச் சுட்டினாள். "இங்கதான்! பென்சில் எங்க?" ரியாஸ் கம்பை இறக்கப் போனான். அத்தனை கைகளும் வேண்டாம் என்று பதறி அசைந்தன. மறுகணமே தலையணையில் சாய்த்திருந்த செல்போன்கள் பக்கம் திரும்பி, அம்மாக்களோடு பேசத் தொடங்கிவிட்டன. "மேடம், இறக்கினாத்தானே மாட்ட முடியும்?" அவள் சத்தமே இல்லாத அந்தக் கூடத்தைப் பார்த்தாள். "கை வலிக்குதா? இப்படிக் குடு தம்பி," என்று கம்பை வாங்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.