புழு டாக்டர்

காவலூரில் ஒரு பலா மரத்தடியில், அழுகிய பழத்திலிருந்து ஆய்வுக்குப் புழு எடுத்துக்கொண்டிருந்தாள் சிவசங்கரி. செவ்வந்தி தன் மகளைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தினாள்.

“நீங்கதான் புழு டாக்டராமே. மூணு வேளையும் வழிச்சித் துன்றா, ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. வயித்துல பூச்சிதானே மேடம்?”

“நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க. புழுவை வச்சி ஆராய்ச்சி பண்றேன்.”

“இன்னா ஆராய்ச்சி?”

“கொழுப்பைச் சேத்து வைக்கிற மரபணு கெட்டுப்போன புழு எங்க லேப்ல இருக்கு. எவ்ளோ தின்னாலும் ஒடம்புல கொழுப்பு தங்காது.”

“எம் பொண்ணு மாரியே. அதுக்கு இன்னா குடுத்துத் தேத்துனீங்க?”

சிறுமியின் ஒட்டிய கன்னத்தையும், கையில் கயிறாகப் புடைத்திருந்த நரம்பையும் பார்த்தாள் சிவசங்கரி. ஒன்பது வருடத்தில் ஒரு புழுகூடத் தேறவில்லை.

“பூச்சி மாத்திரை வாங்கிக் குடுங்க. தேறிடுவா,” என்றாள்.

செவ்வந்தி கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

இதே கன்னத்தோடு கிடந்த சிவசங்கரியின் மகளுக்கு அன்று ஒரு டாக்டர் சொன்னதும் இந்த வார்த்தைகள்தான். மகளைப் புதைத்த கையோடு, அந்தப் பொய்க்காக அவரைச் சபித்துக்கொண்டேதான் அவள் புழு வளர்க்கப் போனாள்.