ஒடிந்த நான்கு

மேசைமேல் விரித்திருக்கும் தோல் ஏட்டில் ஜன்னல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு முன் ஓர் அயல்தேசத்துச் சோதிடப் பண்டிதன் எழுதிய கிரகணக் கணக்கு. முன்பக்கங்களில் நிமிர்ந்து நிற்கும் நான்கு என்ற இலக்கம், கடைசிப் பக்கத்தில் கால் ஒடிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆளின் கையெழுத்துதான் என்று, ஏட்டின் முன் உட்கார்ந்திருக்கும் மூத்தவர் எழுதிய புத்தகம் நாளை அச்சுக்குப் போகிறது. எதிரே அவர் மனைவியின் தம்பி. அவனும் இதே ஆராய்ச்சிக்காரன்.

"ரெண்டும் வேற வேற கை மாமா. குருடன்கூடச் சொல்லுவான்."

"உங்கக்கா போட்ட சோத்துத் திமிருடா." மூத்தவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கிறார். அவன் முஷ்டி அவர் மூக்கில் இறங்குகிறது. சுள்ளி ஒடிகிற சத்தம். நாற்காலி கவிழ்கிறது, மூக்குக்கண்ணாடி செருப்புக்கு அடியில் நொறுங்குகிறது. ரத்தம் பீறிட்டதும் அவர் முகத்தை ஏட்டிலிருந்து திருப்ப, அடித்த கையையே அவன் ஏட்டுக்கு மேல் குடையாக விரிக்கிறான். புறங்கையில் சொட்டுகிறது.

"பத்து வருஷம் படியெடுத்து அந்தப் பண்டிதன் கையெழுத்து எனக்கே வந்துருச்சுடா. பாரு!" அவன் சட்டைப்பையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி ஒரு தாளில் நான்கு போடுகிறார். கை வெடவெடக்கிறது. அந்த நான்கும் கால் ஒடிந்து விழுகிறது. மைத்துனன் தாளையும் கடைசிப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

"மாமா... கடைசிப் பக்கம் எழுதறப்ப இந்தாளையும் எவனோ அடிச்சிருக்கான்."

மூத்தவர் ரத்தப் பல்லோடு சிரிக்கிறார். "அவனுக்கும் ஒரு மச்சான் இருந்திருப்பான்டா."