பொன்னாடைக்குள் ஒரு முழம்

ஆழ்கடல் சேற்றை அள்ளும் இரும்புப் பெட்டியைப் பொன்னாடை போர்த்தித்தான் இறக்க வேண்டும் என்று முதல் பயணத்தில் பிடிவாதம் பிடித்தவர் எங்கள் கடலாய்வு மைய இயக்குநர் மெய்யப்பன். பெட்டி திரும்பி வந்தது, ஆடை வரவில்லை. அதன் முடிச்சுக்குள் பெட்டியை இறக்கி ஏற்றும் விஞ்ச் ஓட்டும் சேவியர் ஒரு முழம் மல்லிகையைச் செருகியிருந்தது, சேற்றைச் சோதிக்கும் ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும். "நீதான் வாங்க மாட்டேங்கியே. கடலாவது வச்சுக்கிடட்டும்" என்றானாம். அடுத்த பயணத்துக்கு முன்பே அவர்கள் கல்யாணம் முடிந்துவிட்டது.

பல வருடம் கழித்து, சேவியர் காலமான பிறகு, அதே இடத்தில் அள்ளிய சேற்றில் ஆடை அகப்பட்டது. புழுக்கள் இத்தனை வருடமும் கிளறிக் கிளறி அதை ஒரு சாண் ஆழத்தில் புதைத்திருந்தன. ஜரிகை அப்படியே மினுங்கியது.

ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக ஒட்டிக்கொண்டு வந்திருந்த மெய்யப்பன், அதை அலசித் தோளில் போட்டுப் படம் எடுக்கச் சொன்னார். "பாத்தியாம்மா, கடலே கை வைக்கல."

"பாலியஸ்டர் சார். புழு சீந்தாது."

ஜெசிந்தா அவர் தோளிலிருந்த முடிச்சை மெல்ல அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே நார்கூட இல்லை. பூவைப் புழு தின்று, அதன் மூச்சாகிக் கடலில் கரைந்து எத்தனையோ காலமாகியிருக்கும். மிச்சம் சேற்றில் எங்கும் கலந்திருக்கும்.

அவள் சேற்றுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அதே கையால் பின்கொண்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள்.

"தலையெல்லாம் சேறும்மா" என்றார் மெய்யப்பன்.

"இருக்கட்டும் சார்."