ஒண்டுக்கு ஒன்பது

லாசாலில் இருக்கும் வீட்டின் ஜன்னலால் மத்தியானப் பனிவெளிச்சம் சோபாவரை வந்து கிடக்கிறது. விருந்தாளிகள் இப்போதுதான் போயிருக்கிறார்கள். கோமளா குசினியில் கோப்பைகளை அடுக்குகிற சத்தம் தேவைக்கு மேலாகவே கேட்கிறது. தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவுட் காதல் படம். கதாநாயகன் ஒன்று சொன்னால் கதாநாயகி ஒன்பது சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அவன் கண்ணில் ஆசை ஏறுகிறது. கோமளாவின் புருசன் சிவநேசன் தொடையில் தட்டிச் சிரிக்கிறார்.

"என்ன வாய் அவளுக்கு. அந்த வாயிலதான் அவன் விழுந்தவன். சோடியெண்டா இப்பிடி இருக்கவேணும்."

சற்று முன் சாப்பாட்டு மேசையில், பனிப்புயலுக்குள் தான் கார் ஓட்டிய கதையை அவர் அளந்தபோது, "அண்டைக்குக் கார் ஓடினது நானெல்லோ" என்றாள் கோமளா. "நீர் வாயைப் பொத்தும்" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால். எல்லோரும் குனிந்து பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கோமளா ஈரக் கையோடு வந்து ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்துகிறாள். திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் மட்டும் அசைகின்றன. எதிரே நிற்பவன் எதற்கென்று தெரியாமல் மயங்கிக்கொண்டிருக்கிறான்.

"ஏனப்பா நிப்பாட்டினீர்?" என்கிறார் சிவநேசன்.

"அவளின்ர வாயையும் பொத்தியாச்சு," என்கிறாள். "இப்ப சிரியுங்கோ, பாப்பம்."